போன்சாய்த் தொட்டியில் மண் காயவே மாட்டேன் என்கிறது, இலையும் கொட்டுகிறது

ஈரக்கை

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இதுதான் என் முதல் பதிவு.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்) போன்சாய் பரிசாக வந்தது. வேர் கிழங்கு மாதிரி உப்பி, இரண்டு காலை ஊன்றி நிற்பது போல இருக்குமே, அந்த வகை. தொட்டி நீளவாக்கில் அகலம், ஆழம் 5 செ.மீ.தான். மேலே வழுவழுவென்று வெள்ளைக் கூழாங்கற்கள். சன்னலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிப் புத்தக அலமாரியில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அரை டம்ளர் தண்ணீர் விடுகிறேன், ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

முதல் இரண்டு மாதம் அழகாக இருந்தது. அப்புறம் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை போல என்று முக்கால் டம்ளராக்கினேன். இப்போது நாளுக்கு ஐந்தாறு இலை விழுகிறது. போதாததற்குக் கொசு மாதிரி குட்டிக் கறுப்புப் பூச்சிகள் தொட்டியைச் சுற்றிப் பறக்கின்றன. என்ன உரம் போட்டால் சரியாகும்?

சல்லடை

உரத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். முதலில் இதையெல்லாம் பார்த்துச் சொல்லுங்கள். தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா? அந்தக் கூழாங்கல் ஒன்றை நகத்தால் நெம்பினால் கையோடு வருகிறதா, ஒட்டியிருக்கிறதா? ஒரு மரக்குச்சியை மண்ணில் அடிவரை செருகி, பத்து நிமிடம் விட்டு எடுத்தால் எதுவரை நனைந்திருக்கிறது? அந்தக் குச்சியை முகர்ந்தால் என்ன வாசனை?

ஈரக்கை

ஓட்டை ஒன்று இருக்கிறது. கல்தான் அதிர்ச்சி. எல்லாவற்றையும் பசை போட்டு ஒரே பாளமாக ஒட்டியிருக்கிறார்கள்! இத்தனை நாள் எனக்குத் தெரியவே தெரியாது. ஓரத்து இடுக்கு வழியாகக் குச்சியை விட்டேன். நேற்றுக் காலைக்குப் பிறகு தண்ணீரே விடவில்லை, இருந்தும் முக்கால்வாசிக்கு மேல் கறுப்பாக நனைந்து வந்தது. வாசனை... சாக்கடை என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் அந்தப் பக்கம்தான்.

வேர்முடிச்சு

இதற்குப் போய் மண்ணை மாற்று, வேரை வெட்டு என்று ஆரம்பித்துவிடுவார்கள் பாருங்கள். நான் ஒரு ஜேட் செடியை எட்டு வருடமாகச் சாதாரணத் தோட்டத்து மண்ணில்தான் வைத்திருக்கிறேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருக்கிறது. தண்ணீரைக் குறையுங்கள், போதும். வடிகால் கவலை இருந்தால் தொட்டிக்கு அடியில் ஒரு விரற்கடை ஜல்லி பரப்பிவிடுங்கள், அதிகத் தண்ணீர் அதில் இறங்கிவிடும்.

சல்லடை

வேர்முடிச்சு, அந்த ஜல்லி விஷயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக முடியாது. நானும் முதல் மூன்று மரத்துக்கு ஜல்லி போட்டவன்தான், மூன்றும் போய்ச் சேர்ந்தன.

ஈரக்கை, வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் ஒன்று இருக்குமே, செவ்வகமாக. அதைத் தண்ணீரில் முக்கி எடுத்து, அகலவாட்டில் உள்ளங்கையில் வையுங்கள். கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நின்றுவிடும். பிழியாமல், அப்படியே அதை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் சொட்டும்! ஸ்பாஞ்ச் அதேதான், தண்ணீரும் அதேதான். உயரம் மட்டும்தான் மாறியது.

தொட்டி மண்ணிலும் இதுதான் நடக்கிறது. எந்த மண்ணாக இருந்தாலும் தண்ணீர் வடிந்து முடிந்த பிறகு அடியில் ஒரு பட்டை முழுக்க நனைந்தே நிற்கும். ஈர்ப்பு விசை கீழே இழுக்கிறது, துகள்களுக்கு நடுவே உள்ள நுண் இடுக்குகள் விடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்த ஈரப் பட்டை எவ்வளவு உயரம் என்பதை முடிவு செய்வது துகளின் அளவு. தொட்டியின் ஆழத்துக்கு அதில் பங்கே கிடையாது. மாவு மாதிரி நைசான மண் என்றால் பட்டை சில செ.மீ. உயரம் இருக்கும். உயரமான தொட்டியில் அதற்கு மேலே வேர் மூச்சுவிட இடம் மிச்சமிருக்கும். 5 செ.மீ. ஆழமுள்ள உங்கள் தொட்டியில் கிட்டத்தட்ட மொத்த மண்ணுமே அந்தப் பட்டைதான்.

அடியில் ஜல்லி போட்டால் என்ன ஆகும்? ஈரப் பட்டை ஜல்லிக்குள் இறங்காது, ஜல்லிக்கு மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈர ஸ்பாஞ்சைக் கல்லின் மேல் வைத்தால் அது காய்ந்துவிடுமா? வேருக்கு இருந்த கொஞ்ச இடத்தையும் கல்லுக்குக் கொடுத்ததுதான் மிச்சம்.

தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. நனைந்தே கிடக்கிற வேர் மூச்சு முட்டிச் சாகிறது. பித்தியம், ஃபைட்டோப்தோரா மாதிரி அழுகல் கிருமிகள் அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்கும். வேர் செத்தால் இலைக்குத் தண்ணீர் போகாது. இலை வாடும், மஞ்சளாகும். நமக்கு அது தாகம் மாதிரி தெரியும். இன்னும் ஊற்றுவோம். நீங்கள் முக்கால் டம்ளராக்கியது அப்படித்தான்.

ஈரக்கை

ஸ்பாஞ்சைச் செய்து பார்த்தேன். உண்மையிலேயே சொட்டுகிறது! பள்ளிக்கூடத்தில் யாராவது இதைக் காட்டியிருக்கக் கூடாதா?

அப்படியானால் தண்ணீர் விட்டுத்தான் மரத்தை இப்படி ஆக்கினேனா? மனசு கஷ்டமாக இருக்கிறது.

அகலத்தொட்டி

தம்பியோ தங்கையோ, கஷ்டப்படாதீர்கள். அந்தத் தொட்டியை உங்களிடம் கொடுத்தவர்கள் செய்த வேலையில் பாதிப் பழி இருக்கிறது. கல்லைப் பசை போட்டு ஒட்டுவது போக்குவரத்தில் மண் சிந்தாமல் இருக்கத்தான். மரம் வாழ்வதற்காகச் செய்கிற வேலை இல்லை அது. தண்ணீர் ஓரமாக வழிந்து அடியில் தேங்கும், மேற்புறம் ஆவியாகவும் முடியாது, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணாலும் பார்க்க முடியாது. இன்றைக்கே பெயர்த்து எறியுங்கள். ஒரு மழுங்கல் கத்தியை ஓரத்தில் விட்டு நெம்பினால் பாளமாக வந்துவிடும். தண்டை ஒட்டிய இடத்தில் மட்டும் மெதுவாகச் செய்யுங்கள், பட்டை கிழியக் கூடாது.

வேர்முடிச்சு சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. அவருடைய ஜேட், இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற ஜாதி. வெயிலில் வைத்து எப்போதாவது தண்ணீர் காட்டினால் எந்த மண்ணிலும் கிடக்கும். எட்டு வருடம் அது பிழைத்ததற்கு மண்ணைவிட அவருடைய சோம்பேறித்தனம்தான் காரணம் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

வேர்முடிச்சு

கோபமெல்லாம் இல்லை அக்கா. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுகிறேன், அதுவும் ஞாபகம் வந்தால். தொட்டியும் ஒரு சாண் ஆழம், சன்னல் திட்டில் நல்ல வெயில். அந்த ஸ்பாஞ்ச் கணக்குப்படி பார்த்தால் தப்பித்திருக்கிறேன் என்றே தோன்றுகிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நோயாளி மரத்துக்கு மண் மாற்றக் கூடாது என்பதுதானே விதி? இலை கொட்டுகிற நேரத்தில் வேரையும் கலைத்தால் தாங்குமா?

சல்லடை

நியாயமான கேள்வி. விதி அதுதான். வெறுமனே மெலிந்துபோன மரத்தை அதன் போக்கில் விட்டுத் தேற்றிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். ஆனால் அழுகல் வாசனை வந்துவிட்டால் மண்ணே நோய். அதற்குள் விட்டுத் தேற்றுவது எப்படி?

ஒரே நிபந்தனை, நல்ல வேரைத் தொடக் கூடாது. சாதாரணமாகத் தொட்டி மாற்றும்போது ஆரோக்கியமான ஃபைகஸில் மூன்றில் ஒரு பங்கு வேர்வரை கழிக்கலாம். இப்போது அந்த ஆசையே வேண்டாம். செத்ததை மட்டும் எடுங்கள். விரலால் லேசாக உருவினால் தெரிந்துவிடும். அழுகிய வேர் பழுப்பாகவோ கறுப்பாகவோ கொழகொழவென்று இருக்கும், தோல் உறை மாதிரி கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். உயிருள்ள வேர் கெட்டியாக இருக்கும், நுனி வெளுத்திருக்கும். வெட்டும்போது பால் வடியும். கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பால் பூனை, நாய்க்கும் ஆகாது, வீட்டில் இருந்தால் வெட்டியதைக் கீழே போட்டுவைக்காதீர்கள்.

நிழலோரம்

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். எந்த மண் கலவை என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே? எனக்கும் தேவை. தேடினால் அகடாமா, கனுமா, பியூமிஸ் என்று ஏதேதோ வருகிறது. அதெல்லாம் இல்லாமல் போன்சாய் வளர்க்கவே முடியாதா?

அகலத்தொட்டி

முடியும். பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம்.

அகடாமா என்றால் ஜப்பானிய மொழியில் சிவப்பு உருண்டை. எரிமலைச் சாம்பலில் உண்டான களிமண், உருண்டை உருண்டையாக இருக்கும். தண்ணீரையும் பிடித்து வைக்கும், உருண்டைகளுக்கு நடுவே காற்றுக்கும் இடம் விடும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு அதில் இன்னொரு வசதி, நனைந்தால் அடர்நிறம், காய்ந்தால் வெளிர்நிறம். பார்த்தவுடன் தெரிந்துவிடும். குறை என்னவென்றால் நாளடைவில் நொறுங்கிச் சேறாகும். பனி உறைந்து உருகுகிற இடங்களில் சீக்கிரமே நொறுங்கும், வீட்டுக்குள் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். பியூமிஸ் (நுரைக்கல்), எரிமலைக் கல் இரண்டும் நொறுங்காது, துளைகள் நிறைந்தவை. இந்த மூன்றையும் சம பங்கு கலப்பது பலரும் செய்வது. கனுமாவும் ஒரு ஜப்பானிய மண்தான், அமிலத்தன்மை உள்ளது, அசேலியா மாதிரி பூச்செடிகளுக்கு. உங்களுக்கு வேண்டாம்.

இவை கிடைக்கவில்லையா? சுட்ட களிமண் துகள், உடைத்த செங்கல், பெர்லைட் (சூட்டில் பொரித்த எரிமலைக் கண்ணாடி, வெள்ளையாக லேசாக இருக்கும்), மக்கிய பைன் பட்டைத் துண்டு, இதெல்லாம் வேலைக்கு ஆகும். என்னுடைய ஃபைகஸ் இரண்டு பங்கு செங்கல் துகளும் பெர்லைட்டும், ஒரு பங்கு பட்டையும் கலந்ததில்தான் நிற்கிறது. செங்கல்லில் சிமெண்டு ஒட்டியிருந்தால் எடுக்காதீர்கள், அதன் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். பெர்லைட் தண்ணீர் விட்டால் மிதந்து மேலே வரும், பார்க்க அசிங்கம், மற்றபடி குற்றமில்லை.

என்ன பொருள் என்பதைவிட என்ன அளவு என்பதுதான் முக்கியம். 6 மி.மீ. சல்லடையில் சலித்து மேலே நிற்பதை ஒதுக்குங்கள். கீழே விழுந்ததை 3 மி.மீ. சல்லடையில் மறுபடி சலித்து, அதில் மேலே நிற்பதை எடுங்கள். அடியில் விழுகிற தூள் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் தொட்டிக்குள் போகக் கூடாது. நல்ல கலவையில் ஒரு பிடி தூள் கலந்தால் இடுக்கையெல்லாம் அடைத்து மறுபடியும் பழைய கதைதான். சலிக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், பெர்லைட் தூசி தொண்டையைக் கரகரக்க வைக்கும். இந்தக் குழுவில் ஒருவர் தன் பெயரையே சல்லடை என்று வைத்திருப்பது சும்மா இல்லை.

நிழலோரம்

பூனை மலம் கழிக்கத் தட்டில் போடுகிற மணலும் நல்லது என்று படித்தேனே?

சல்லடை

அதில் இரண்டு ஜாதி. ஈரம் பட்டால் கட்டி பிடிப்பது பென்டோனைட் களிமண். அதைப் போட்டால் தொட்டிக்குள் சிமெண்டு ஊற்றிய மாதிரி. கட்டி பிடிக்காத, டயட்டோமைட் (நுண்பாசி ஓடுகள் படிந்து உண்டான மண்) வகையைச் சிலர் பயன்படுத்துகிறார்கள், வாசனைப் பொருள் சேர்க்காததாக இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு கைப்பிடி போட்டு ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் விரலுக்கு இடையில் நசுக்கிப் பாருங்கள். துகள் துகளாகவே இருந்தால் சரி, குழைந்தால் குப்பை.

ஈரக்கை (ஆறாம் நாள்)

செய்துவிட்டேன். கை நடுங்கியது.

கல் பாளம் அக்கா சொன்னபடியே கத்திக்கு வந்துவிட்டது. உள்ளே கறுப்பாகக் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மாதிரி ஒரு மண், களி போல. வேரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அழுகல். நல்ல வேர் ஒரு பக்கமாகத்தான் மிச்சம். சுட்ட களிமண் துகள், பெர்லைட், பட்டை என்று கலந்தேன். சல்லடைக்குச் சமையலறையில் கிடந்த இரண்டு வடிகட்டியைத் தியாகம் செய்தேன். ஓட்டைக்கு மேல் வலைத்துண்டு வைத்து, மரத்தை நிறுத்தி, மண்ணைக் கொட்டினேன். ஆனால் மரம் ஆடுகிறது! தண்ணீர் விட்டால் உடனே அடியில் கொட்டிவிடுகிறது. நிற்கவே மாட்டேன் என்கிறது. தப்பு செய்துவிட்டேனா?

அகலத்தொட்டி

உடனே கொட்டுவதுதான் நாம் கேட்டது. இவ்வளவு நாள் நிற்கிற தண்ணீரையே பார்த்துப் பழகிவிட்டதால் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். துகள்களுக்கு உள்ளே தேவையான ஈரம் தங்கியிருக்கும்.

ஆடுவதுதான் பிரச்சினை. புது வேர் தலைமுடி மாதிரி மெல்லியது. மரம் ஒவ்வொரு தடவை அசையும்போதும் அறுந்துபோகும். அடி ஓட்டை வழியாக ஒரு மெல்லிய கம்பியை மேலே கொண்டுவந்து, கிழங்கு வேரைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். கம்பி பதியும் இடத்தில் ஒரு ரப்பர் துண்டு வையுங்கள். அப்புறம் ஒரு குச்சியை எடுத்து வேருக்கு நடுவே துகள்கள் இறங்கும்படி மெதுவாகக் குத்திக் குத்தி நிரப்புங்கள். கையால் அமுக்காதீர்கள். வேருக்குக் கீழே வெற்றிடம் இருந்தால் அந்த வேர் காய்ந்துபோகும்.

பிறகு சன்னல் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். நேர்வெயில் இப்போது வேண்டாம், வெளிச்சம் வேண்டும். இரண்டு மீட்டர் தள்ளி நமக்குப் படிக்கிற வெளிச்சம் இருக்கும், மரத்துக்கு அது அரைப்பட்டினி. அரைப்பட்டினி மரம் தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும், மண்ணும் காயாமல் கிடக்கும். மண்ணை மட்டும் மாற்றிவிட்டு அலமாரியிலேயே வைத்தால் பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள்.

ஈரக்கை

கட்டிவிட்டேன், அசையவில்லை. சன்னல் பக்கமும் வந்தாயிற்று. இனி எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்?

சல்லடை

அந்தக் கேள்வியைத்தான் கேட்கக் கூடாது! நாள்கணக்கு வைத்ததால்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

அதே மரக்குச்சி. செருகி, பத்து நிமிடம். அடிப் பாதி ஈரம் என்றால் விட வேண்டாம். நுனியில் மட்டும் லேசாக ஈரம் இருந்தால் விடலாம். ஒரு மாதம் இப்படிச் செய்தால் தொட்டியைத் தூக்கிப் பார்த்தே கனத்தை வைத்துச் சொல்லிவிடுவீர்கள், அப்புறம் குச்சி தேவைப்படாது.

விடும்போது கஞ்சத்தனம் கூடாது. அரை டம்ளர் கணக்கெல்லாம் இல்லை. அடியில் வழிந்து ஓடும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு தடவை. முதல் தடவை துகள்கள் ஈரத்தை வாங்கும், இரண்டாம் தடவை முழுக்க நனையும். இறங்குகிற தண்ணீர் பின்னாலேயே புதுக் காற்றை உள்ளே இழுக்கிறது. தட்டில் வழிந்ததைக் கொட்டிவிடுங்கள். இலை மேல் தெளிப்பதைத் தண்ணீர் விட்டதாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வேர்முடிச்சு

ஒரு திருத்தம். ஜேட் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், மண் மாற்றியவுடன் தண்ணீர் விடாதீர்கள். ஒரு வாரம் காயவிட்டு, வேரில் வெட்டுப்பட்ட இடம் ஆறிய பிறகுதான். இது ஃபைகஸுக்குப் பொருந்தாது. இந்த ஒரு விஷயமாவது எனக்குத் தெரியும் என்று பதிவு செய்துகொள்கிறேன்.

நிழலோரம்

அந்தக் கறுப்புப் பூச்சி என்ன ஆனது? என்னிடமும் இருக்கிறது.

அகலத்தொட்டி

அது பூஞ்சை ஈ. பறப்பதால் மரத்துக்கு ஒன்றும் இல்லை. அதன் புழுதான் மேல்மண்ணில் இரண்டு மூன்று செ.மீ.க்குள் இருந்துகொண்டு பூஞ்சையையும், சில நேரம் இளம் வேரையும் தின்னும். ஈரமான மக்குமண் இருந்தால்தான் பெருகும். முட்டையிலிருந்து ஈயாக மூன்று நான்கு வாரம் ஆகும், அதனால் ஒரே நாளில் ஒழியாது. இருக்கிறதா என்று தெரிய ஓர் உருளைக்கிழங்கு வில்லையை மண்மேல் வைத்து இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள், புழு அடியில் கூடியிருக்கும். மேல்மண்ணைக் காயவிடுங்கள், பறப்பதற்கு மஞ்சள் ஒட்டு அட்டை வையுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

ஈரக்கை (நாற்பத்திரண்டாம் நாள்)

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். மண் மாற்றிய பிறகு முதல் இரண்டு வாரம் இன்னும் இலை கொட்டியது. கடைசியில் பதினோரு இலைதான் மிச்சம். தினமும் எண்ணிக்கொண்டிருந்தேன். போன வாரம் நுனியில் சிவப்பாக ஊசி மாதிரி ஒன்று வந்தது. இன்று விரிந்து இரண்டு இலை!

இப்போது ஒரு சந்தேகம். தொட்டி ஓரத்திலும் மண் மேலும் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. பூஞ்சையா?

சல்லடை

முதலில் வாழ்த்துகள். அந்த இலைக்காகத்தான் இவ்வளவும்.

விரலால் சுரண்டிப் பாருங்கள். பஞ்சு மாதிரி இருந்தால் பூஞ்சை. மொறுமொறுவென்று உதிர்ந்தால் உப்பு. உங்கள் தண்ணீர் கடினமானதாக இருக்கலாம். மாதம் ஒருமுறை குழாயடியில் வைத்து, தொட்டி கொள்ளளவைப் போல மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஓடவிட்டால் உப்பு கரைந்து போய்விடும். இந்த மண்ணில் அப்படிச் செய்யலாம், பழைய மண்ணில் செய்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். மழைத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

முதல் நாள் உரம் கேட்டீர்களே, இப்போது கொடுக்கலாம். இந்தக் கலவையில் தின்ன ஒன்றும் இல்லை, பெர்லைட் சோறு போடாது. திரவ உரத்தை உறையில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மண் ஈரமாக இருக்கும்போது. இலை மஞ்சளானால் எந்த இலை என்று பாருங்கள். பழைய இலைகள் முழுக்க மஞ்சளானால் மறுபடியும் வேரைச் சந்தேகப்படுங்கள். புது இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுவே வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை, கடினத் தண்ணீரில் அது வரும்.

ஈரக்கை

மொறுமொறுதான், உப்பு. நாளைக்குக் குழாயடி. இன்று குச்சி அடிப் பாதி ஈரமாக வந்தது, தண்ணீர் விடவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, பழக வேண்டும்.

தளிர்ப்பச்சை

வணக்கம், நான் புதிது. நேற்று ஒரு சீன எல்ம் போன்சாய் வாங்கினேன். இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மேலே அழகாக வெள்ளைக் கூழாங்கல் போட்டிருக்கிறார்கள். தினமும் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?

ஈரக்கை

வணக்கம். முதலில் அந்தக் கூழாங்கல்லில் ஒன்றை நகத்தால் நெம்பிப் பாருங்கள். வருகிறதா?